எங்கள் மூக்கு

பிப்ரவரி 3

கணக்குப் புலிக்கு,

நேற்றும் முந்தாநாளும் போனை எடுக்கவில்லை என்று கோபமாக இருப்பீர்கள். இருங்கள். இனிமேலும் எடுக்கமாட்டேன். போனில் நான் ஒன்று கேட்டால் நீங்கள் இருமுவீர்கள். அப்புறம் "லைன் சரியில்ல" என்பீர்கள். அப்புறம் அத்தையின் முழங்கால் எப்படி இருக்கிறது என்று கேட்பீர்கள். அதோடு என் கேள்வி அம்போ. ஆஸ்பத்திரியில் கையெழுத்துப் போட்ட அறிக்கைக்குத்தான் மதிப்பு, வாயால் சொன்னது காற்றோடு போச்சு. அதே சட்டம் இனி வீட்டுக்கும். கேள்வியும் தாளில், பதிலும் தாளில்.

முதல் கேள்வி. போன வாரம் முழங்கால் பேச்சுக்கு நடுவில், "இங்க இன்னும் ரெண்டு வருஷம் இருக்கச் சொல்றாங்க, பாக்கலாம்" என்றீர்கள். பஸ் பத்து நிமிஷம் தாமதம் என்று சொல்கிற மாதிரி. ஒரு வருஷம் என்று சொல்லிவிட்டுப் போனவர் நீங்கள். யார் பார்க்கலாம்? நான் பார்க்கலாமா, நீங்கள் மட்டும் பார்த்துக்கொள்வீர்களா?

இரண்டாவது. உங்கள் ஆராய்ச்சிக்கூடத்தின் ஆண்டு மலர் வந்து சேர்ந்தது. பதினான்காம் பக்கத்தைப் பார்த்தேன். மேஜை மேல் கண்ணாடி மாதிரி ஒரு பெரிய மூக்கு, அடியில் விளக்கு. இந்தப் பக்கம் நீங்கள், பல் தெரியச் சிரித்துக்கொண்டு. என்னோடு எடுத்த எந்தப் படத்திலும் உங்களுக்குப் பல் இருப்பதாகவே தெரியாது. அந்தப் பக்கம் ஒரு பெண், மூக்கும் முழியுமாக இருக்கிறாள். அவளுடைய ஆள்காட்டி விரல் அந்த மூக்கின் நுனியில்.

அது என் மூக்கு என்றுதானே சொன்னீர்கள்? நீங்கள் கிளம்புவதற்கு முன்னால் ஒரு விடுமுறை நாளில், நான் தினமும் மற்றவர்களைப் படுக்க வைக்கிற ஸ்கேன் மெஷினில் நானே படுத்தேன். சீனியர் டெக்னீஷியன் பொத்தானை அமுக்கினார். "எச்சில்கூட முழுங்காதீங்கம்மா" என்று அவர் எனக்கே சொன்னார். நீங்கள் கண்ணாடிக்கு அந்தப் பக்கம் நின்றுகொண்டு மைக்கில், "உன் மூக்கு எத்தனை பேருக்கு உதவப் போகுதுன்னு பாரு" என்றீர்கள். அந்த ஒரு வார்த்தைக்காக ஆடாமல் அசையாமல் கிடந்தேன்.

மூன்றாவதுதான் முக்கியம். மலரோடு நீங்கள் வைத்திருந்த துண்டுச் சீட்டில், "எங்கள் மூக்கு எப்படி இருக்கிறது பார்" என்று எழுதியிருக்கிறீர்கள். நானும் உள்ளே இருந்தால் அது 'நம் மூக்கு'. நான் வெளியே நின்றால்தான் 'எங்கள் மூக்கு'. தமிழ் படித்தவர்தானே நீங்கள்? என் மூக்கிலிருந்து என்னையே வெளியே தள்ளிவிட்டு உள்ளே யாரைக் குடிவைத்திருக்கிறீர்கள்?

அத்தையின் முழங்கால் நன்றாகத்தான் இருக்கிறது.

உங்கள் மனைவி


பிப்ரவரி 9

அன்புள்ள விசிலுக்கு,

உன் கடிதத்தைச் சாப்பாட்டு அறையில் வைத்துப் படித்தேன். சிரித்துவிட்டேன். பக்கத்தில் இருந்தவர்கள் திரும்பிப் பார்த்தார்கள். ஒரு 'எங்கள்' என்ற வார்த்தைக்கா இவ்வளவு? அது ஆபீஸ் பேச்சு. எங்கள் பம்ப், எங்கள் மேஜை, எங்கள் மூக்கு. கை அப்படியே எழுதிவிட்டது, மனசு எழுதவில்லை.

அந்தப் பெண் இங்கே அச்சு எடுப்பவர். நான் கம்ப்யூட்டரில் செய்வதை அவர் பிசினில் செய்கிறார். உனக்கு நான் இதைச் சரியாகச் சொன்னதே இல்லை. உன் ஸ்கேனிலிருந்து காற்றுப் போகும் வழியை மட்டும் பிரித்தெடுத்து, அதை நாற்பது லட்சம் சின்னச் சின்ன அறைகளாகப் பிரிக்கிறேன். நீ ஒரு மூச்சு இழுத்தால் ஒவ்வொரு அறையிலும் காற்று எவ்வளவு வேகமாக, எந்தப் பக்கம் போகும் என்று கம்ப்யூட்டர் கணக்குப் போடுகிறது. அந்தக் காற்றில் மருந்துத் துகள்களை விடுகிறேன். பெரிய துகள் திருப்பத்தில் திரும்பத் தெரியாமல் முன்சுவரிலேயே மோதி ஒட்டிக்கொள்ளும். ரொம்ப மெல்லியது காற்றோடு நுரையீரலுக்கே போய்விடும். எங்களுக்கு வேண்டியது நடுவில் இருப்பது. அது மூக்கின் உச்சியில், வாசனை தெரிகிற இடத்தில் போய் உட்கார வேண்டும். தபால்தலை அளவு இடம்தான். வாசனையே தெரியாமல் போனவர்களுக்கான மருந்து இது.

நான் கணக்கில் சொல்வதை, அச்சு எடுப்பவர் உன் மூக்கைப் பிசினில் வார்த்து, பம்ப் வைத்து மூச்சு இழுக்க வைத்து, சாயத் துகள் எங்கே ஒட்டுகிறது என்று பார்க்கிறார். அவர் கை சுத்தமான கை. ஒரு மடிப்பு விடமாட்டார். உன் மூக்கை அவர் அளவுக்கு யாரும் படித்திருக்கமாட்டார்கள், நான்கூட. அச்சு எடுப்பவர் சொல்கிறார், இவ்வளவு அழகான உள்வளைவை அவர் பார்த்ததே இல்லையாம்.

நல்ல செய்தி ஒன்று. உன்னைப் போல மூக்குத் துவாரங்களுக்கு இடையிலுள்ள நடுத்தண்டு இடப்பக்கம் வளைந்தவர்களாகப் பார்த்துப் பதினோரு பேரை டாக்டர்கள் தேர்ந்தெடுத்திருக்கிறார்கள். வருகிற பதினாறாம் தேதி திங்கட்கிழமை முதல் மருந்து ஆரம்பம். இடது துவாரத்தில் அடித்தால்தான் மருந்து உச்சிக்குப் போய்ச் சேருகிறது என்று என் கணக்கு சொல்லிற்று. வளைந்து குறுகிய பக்கமே வழி விடுகிறதா என்று டாக்டர்கள் மூக்கின் மேல் விரல் வைத்தார்கள். அச்சிலும் அப்படியே வந்தது. அதனால்தான் இந்த இரண்டு வருஷம். மார்ச் 13க்குள் பதில் சொல்ல வேண்டும். நீயும் இந்தப் பக்கம் வேலை தேடிப் பார்க்கலாம். அவசரமில்லை. பார்க்கலாம்.

அம்மாவை மாடிப்படி ஏற விடாதே.

அன்புடன்,
கணக்குப் புலி


பிப்ரவரி 15

உங்களுக்கு,

கடிதம் நேற்று மாலை வந்தது. நானும் கணக்குப் போட்டேன். உங்கள் கடிதத்தில் 'அச்சு எடுப்பவர்' என்றும் 'அவர்' என்றும் ஏழு முறை வருகிறாள். எனக்கு ஒரு புருஷன் இருக்கிறார், அவர் எனக்கு எழுதிய கடிதத்தில் நான் பெரும்பாலும் மூக்காகத்தான் வருகிறேன். அதுவும் அவள் கையில் இருக்கிற மூக்கு.

"உன் மூக்கை அவர் அளவுக்கு யாரும் படித்திருக்கமாட்டார்கள், நான்கூட." இதை எழுதும்போது உங்கள் பேனா கொஞ்சமாவது தயங்கியதா? ஆறு வருஷம் பக்கத்தில் படுத்தவர் நீங்கள். எனக்குப் பொறாமையாக இருக்கிறது. சுற்றி வளைக்காமல் சொல்லிவிடுகிறேன். அவள் கை சுத்தமான கையா? என் கையில் என்ன, சேறா?

இப்போது இதைக் கேளுங்கள். மலரில் உங்கள் படத்துக்குக் கீழே, மூக்கைக் குறுக்கே வெட்டின மாதிரி ஒரு படம் போட்டிருக்கிறார்கள். இடது, வலது என்று எழுதியும் வைத்திருக்கிறார்கள். அதில் நடுத்தண்டு வலப்பக்கம் வளைந்திருக்கிறது. என்னுடையது இடப்பக்கம். நான் ஒரு நாளைக்கு நாற்பது தலை பார்ப்பவள். இன்று காலை ஆஸ்பத்திரிக் கம்ப்யூட்டரில் என் ஸ்கேனையும் எடுத்துப் பக்கத்தில் வைத்துப் பார்த்துவிட்டேன்.

அது என் மூக்கு இல்லை.

அப்படியென்றால் யாருடையது? என்னை வீணாகப் படுக்க வைத்தீர்களா? அங்கே போனதும் இதைவிட நல்ல மூக்கு கைக்கெட்டும் தூரத்தில் கிடைத்துவிட்டதா? அழகான உள்வளைவு என்று அவள் சொன்னது அவளுடைய மூக்கைத்தானா? அதனால்தான் அது 'எங்கள்' ஆனதா?

அத்தை கேட்கிறார், "ஏம்மா, அவன்கிட்ட போன்லயே பேசித் தொலைக்கக் கூடாதா, எதுக்கு இந்தத் தபால் ஆபீஸ் நடை?" என்று. நடந்தால் உடம்புக்கு நல்லது என்று சொல்லிவிட்டேன்.

உங்கள் பதில் வரும்வரை நான் யாருடைய விசிலும் இல்லை.


பிப்ரவரி 21

விசிலுக்கு,

எட்டு மாதமாக நாளைக்குப் பத்து மணி நேரம் உன் மூக்கோடுதான் உட்கார்ந்திருக்கிறேன். ஃபைலில் உன் எண்தான் இருக்கிறது. அதை வேறொருத்தி மூக்கு என்று சொன்னால் எனக்கு எப்படி இருக்கும் என்று யோசித்தாயா? வருத்தமாக இருந்தது. இரண்டு நாள் வேலை ஓடவில்லை.

நீ குழம்பியதற்குக் காரணம் சுலபமானது. எதிரே நிற்பவரின் இடது கை நமக்கு வலப்பக்கம் தெரியும் அல்லவா? படமும் அப்படித்தான். முகத்துக்கு முன்னால் நின்று பார்க்கிற மாதிரி போட்டிருப்பார்கள். அதனால் இடது வலதாகத் தெரிகிறது. நிதானமாகப் பார்த்தால் உனக்கே விளங்கும்.

மனசு தாங்காமல் அச்சு எடுப்பவரிடம் சொன்னேன். தப்பாக எடுத்துக்கொள்ளவில்லை, சிரித்தார். "உங்க வீட்டுல என் மேல கோவமா? என் மூக்கு நேராத்தான் சார் இருக்கு, வேணும்னா ஸ்கேன் எடுத்து அனுப்பிடறேன்னு சொல்லுங்க" என்றார். பார், எவ்வளவு பெருந்தன்மை. நீயும் அப்படி லேசாக எடுத்துக்கொண்டால் எவ்வளவோ நன்றாக இருக்கும்.

மருந்து பதினாறாம் தேதி ஆரம்பித்தாகிவிட்டது. பதினோரு பேரும் தவறாமல் அடிக்கிறார்கள்.

இரண்டு வருஷத்தைப் பற்றி நீ ஒன்றும் எழுதவில்லை. வேண்டாம் என்றால் வேண்டாம் என்று சொல். சொல்லாமல் மூக்கைப் பிடித்துக்கொண்டு சண்டை போட்டால் நான் என்ன செய்வது?

கணக்குப் புலி


பிப்ரவரி 26

உங்களுக்கு,

எனக்கா இடது வலது சொல்லித் தருகிறீர்கள்? பதினோரு வருஷமாக அதைத்தான் செய்து சம்பளம் வாங்குகிறேன். எதிரே நிற்பவரின் கை எந்தப் பக்கம் தெரியும் என்பது எனக்குத் தூக்கத்தில்கூடத் தெரியும். அந்தப் படத்தில் இடது, வலது என்று எழுத்திலேயே எழுதியிருக்கிறது. எழுத்தைத் திருப்பிப் படிக்க எந்த ஊரில் சொல்லித் தருகிறார்கள்?

என் சண்டையை அவளிடம் கொண்டுபோய்க் கடை விரித்திருக்கிறீர்கள். அவள் சிரித்தாளாம், பெருந்தன்மையாம். பெருந்தன்மையாக இருக்க அவளுக்கென்ன, அவள் எதை இழந்தாள்? இனி என் கடிதத்தை அவளிடம் வாசித்துக் காட்டுவதாக இருந்தால் முன்கூட்டியே சொல்லுங்கள், நல்ல கையெழுத்தில் எழுதுகிறேன்.

ஒன்றே ஒன்று செய்யுங்கள். அன்றைக்கு மெஷினில் படுப்பதற்கு முன்னால் என் இடது கன்னத்தில் பிளாஸ்திரி போட்டு ஒரு ஈயக் குண்டை ஒட்டிக்கொண்டேன். கடுகு அளவுதான் இருக்கும். நான் வேலை பழகிய இடத்துப் பழக்கம் அது. தலைப் படத்தை யார் எப்படித் திருப்பினாலும் குண்டு இருக்கிற பக்கம் இடது. நான் அனுப்பிய ஃபைலைத் திறந்து குண்டு எங்கே இருக்கிறது என்று பாருங்கள். அப்புறம் உங்கள் கம்ப்யூட்டர் மூக்கைப் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். குண்டே இல்லையென்றால் அது நான் இல்லை. குண்டு இருந்தால் என்னவென்று நீங்களே சொல்லுங்கள்.

இரண்டு வருஷம் வேண்டாம் என்று நான் சொல்லி நீங்கள் வர வேண்டாம். அப்படி வந்தவரை வைத்துக்கொண்டு நான் என்ன செய்ய?


மார்ச் 4

விசில்,

குண்டு இருக்கிறது.

உன் கடிதம் நேற்று மதியம் வந்தது. எல்லோரும் சாப்பிடப் போனபோது நான் மட்டும் உட்கார்ந்து பழைய ஃபைலைத் திறந்தேன். காற்றுப் போகும் வழி மட்டும் போதும் என்று முதல் நாளே மற்றதையெல்லாம் வெட்டித் தள்ளியிருந்தேன். கன்னமும் போயிற்று, அதோடு உன் குண்டும் போயிற்று. வெட்டாத படத்தில் வெள்ளைப் புள்ளியாக அப்படியே நிற்கிறது. தண்டு அதன் பக்கமாக வளைந்திருக்கிறது. என் மாடலில் எதிர்ப்பக்கம் வளைந்திருக்கிறது.

அது உன் மூக்குதான், விசில். ஆனால் இடம் வலமாகப் புரண்ட உன் மூக்கு. எப்படி நடந்தது என்று சாயங்காலம் வரை தேடிக் கண்டுபிடித்தேன். முதல் நாள் உன் ஸ்கேன் என் புரோகிராமில் தலைகீழாக வந்து நின்றது. நிமிர்த்தினால் போதும் என்று ஒரு கட்டத்தில் டிக் அடித்தேன். மூக்கு நிமிர்ந்தது, நானும் சந்தோஷமாக அடுத்த வேலைக்குப் போனேன். சுழற்றியிருக்க வேண்டும். நான் புரட்டிவிட்டேன். வலது கை உறையை உள்வெளியாகப் புரட்டினால் இடது கைக்கு ஆகிவிடும் அல்லவா, அந்த மாதிரி. அன்றிலிருந்து நான் இடது என்று எழுதியதெல்லாம் வலது. நான் கொடுத்த வடிவத்தை வைத்துத்தான் அச்சும் எடுத்தார்கள், அதனால் அச்சும் ஆமாம் போட்டது. டாக்டர்கள் கையில் உன் பழைய அறிக்கை இருந்தது, 'இடப்பக்க வளைவு' என்று. என் கணக்கையும் அதையும் சேர்த்து, வளைந்த பக்கத்திலேயே அடிக்கலாம் என்று முடிவுகட்டிவிட்டார்கள்.

சளி பிடித்தால் உனக்கு எந்தப் பக்கம் அடைத்துக்கொண்டு விசில் அடிக்கும் என்று எனக்குத் தெரியாதா? அதை வைத்துத்தானே உனக்குப் பெயரே வைத்தேன். நாற்பது லட்சம் அறையைப் பார்த்தவன் அந்த ஒன்றை நினைத்துப் பார்க்கவில்லை.

பதினோரு பேரும் அடைத்த பக்கத்தில் அடித்துக்கொண்டிருக்கிறார்கள். பெரிய கேடு வராது. மருந்து முன்னாலேயே ஒட்டி வழிந்துவிடும், அவ்வளவுதான். ஒரு அம்மாவுக்கு மட்டும் இரண்டு முறை ரத்தம் வந்ததாம். மருந்தின் காரம் என்று டாக்டர் நினைக்கிறார்.

எனக்கு வெளியே சொல்ல வாய் வரவில்லை. அச்சு எடுப்பவரிடம் மட்டும் சொன்னேன். அவர் ரொம்ப நேரம் ஒன்றும் பேசவில்லை. அப்புறம், "ஸ்கேன்லேர்ந்து வடிவம் எடுத்துக் குடுத்தது நான்தான்னு சொல்லிக்கறேன் சார். என்னோடது நிரந்தர வேலை. ஒரு திட்டு திட்டுவாங்க, ரெண்டு மாசம் மூஞ்சியத் தூக்கி வெச்சுப்பாங்க. நீங்க சொன்னா உங்களுக்கு ரெண்டு வருஷமும் போயிடும், பேரும் போயிடும்" என்றார்.

நான் வேண்டாம் என்று சொல்லவில்லை. சரி என்றும் சொல்லவில்லை. என்ன செய்யட்டும்?


மார்ச் 9

உங்களுக்கு,

என்ன செய்யட்டும் என்று என்னைக் கேட்கிறீர்கள். சரி, கேட்டுக்கொள்ளுங்கள்.

அவளுக்கு உங்கள் மேல் ஆசை. இதை நான் சொல்லித்தான் உங்களுக்குத் தெரிய வேண்டியிருக்கிறது. யாரும் சும்மா அடுத்தவர் தப்பை எடுத்துத் தன் தலையில் வைத்துக்கொள்ளமாட்டார்கள். ரொம்ப நேரம் பேசாமல் இருந்தாள் என்று எழுதியிருக்கிறீர்களே, அந்த நேரத்தில் அவள் என்ன யோசித்திருப்பாள் என்று எனக்குத் தெரியும். சொன்னால் நீங்கள் ஊருக்குப் போய்விடுவீர்கள். சொல்லாவிட்டால் இரண்டு வருஷம் பக்கத்து மேஜையில் இருப்பீர்கள். நான் அவளாக இருந்தாலும் அதைத்தான் செய்திருப்பேன். அதனால்தான் எனக்கு இப்படி எரிகிறது. இவ்வளவு நாள் அவளுடைய விரலையும் சிரிப்பையும் பார்த்துப் பொறாமைப்பட்டேன். இப்போது அவள் செய்ய வந்த காரியத்தைப் பார்த்துப் பொறாமைப்படுகிறேன். அது இன்னும் மோசமாக இருக்கிறது. விரலைத் திட்டலாம், இதை என்னவென்று திட்டுவது?

அவள் நீட்டுவதை நீங்கள் வாங்கிக்கொண்டால் அப்புறம் அங்கேயே இருந்துவிடுங்கள். மிரட்டவில்லை. அவள் தன் பெயரைக் கெடுத்துக்கொண்டு காப்பாற்றிய ஆளாக நீங்கள் வீட்டுக்கு வந்தால், நான் காபி கொடுக்கும்போதெல்லாம் அவள்தான் ஞாபகத்துக்கு வருவாள், உங்களுக்கும் எனக்கும்.

இந்தத் தாள் கையில் கிடைத்த உடனே எழுந்து போய் இயக்குநரிடம் உங்கள் வாயால் சொல்லுங்கள். அந்த அம்மாவுக்கு ரத்தம் வருகிறது. அதைப் படித்ததிலிருந்து எனக்குச் சாப்பாடு இறங்கவில்லை. அத்தை என்னவென்று கேட்டார். பல்வலி என்றேன்.

போங்கள். முதலில் மருந்தை நிறுத்துங்கள்.


மார்ச் 16

அன்புள்ள விசிலுக்கு,

சொல்லிவிட்டேன்.

பதின்மூன்றாம் தேதி காலையில் உன் கடிதம் வந்தது. இரண்டு வருஷத்துக்கான படிவம் என் சட்டைப் பையில் இருந்தது, கையெழுத்துப் போட்டு. உன் கடிதத்தை நின்றபடியே படித்தேன். நேராக இயக்குநர் அறைக்குப் போனேன். அவர் எல்லாவற்றையும் கேட்டுவிட்டு ஒரே ஒரு கேள்விதான் கேட்டார். "உங்களுக்கு எப்ப தெரிஞ்சுது?" பத்து நாள் ஆயிற்று என்றேன். அவர் கண்ணாடியைக் கழற்றி மேஜையில் வைத்தார். திட்டியிருந்தால் தேவலை. அங்கேயே டாக்டர்களைப் போனில் கூப்பிட்டு மருந்தை நிறுத்தச் சொன்னார். மூக்கின் உள்சுவர் ஆறியதும் எல்லோருக்கும் வலது துவாரத்தில் ஆரம்பிப்பார்கள். ரத்தம் வந்த அம்மாவுக்கு இப்போது நின்றுவிட்டது. அவரைப் போய்ப் பார்த்து மன்னிப்புக் கேட்டேன். "வாசனை வந்துடும்னு தினமும் காலைல சோப்பை மோந்து மோந்து பாத்தேன்பா" என்றார்.

படிவத்தை இயக்குநரே வாங்கிக் கிழித்துவிட்டார்.

அச்சு எடுப்பவர் பம்பை நிறுத்திவிட்டு வந்து, "உங்கள யாரு போய்ச் சொல்லச் சொன்னா? வீட்டம்மாவா?" என்று கேட்டார். ஆமாம் என்றேன். அவர் முகத்தைத் திருப்பிக்கொண்டு கண்ணைத் துடைத்துக்கொண்டபோதுதான் நீ எழுதியது எனக்கு முழுசாகப் புரிந்தது. அதற்குப் பிறகு அவர் என்னோடு பேசவில்லை. உனக்கு நான் ஒன்றைச் சொல்லியாக வேண்டும். அவரோடு பேசிக்கொண்டிருப்பது எனக்குப் பிடித்திருந்தது. அதற்கு மேல் ஒன்றும் இல்லை. ஆனால் பிடித்திருந்தது, அதனால்தான் இரண்டு வருஷத்தை 'பார்க்கலாம்' என்று சொன்னேன். போனில் இருமியதும் அதனால்தான்.

இருபத்தெட்டாம் தேதி காலை ரயிலில் வந்து இறங்குகிறேன்.

இயக்குநர் உன் குண்டைப் பற்றிக் கேட்டு அசந்துபோனார். "அந்த டெக்னீஷியன் மட்டும் இல்லன்னா இது எப்ப தெரிஞ்சிருக்கும்?" என்றார். உனக்கு நன்றிக் கடிதம் அனுப்புகிறார். பாவம், கோபத்தில் நீ அதை வேறு மூக்கு என்று நினைத்துவிட்டாய். புரண்டிருக்கிறது என்று உனக்கு அப்போதே பட்டிருந்தால் அந்த நிமிஷமே சொல்லியிருப்பாய். நான் பத்து நாள் வாய்மூடி இருந்த மாதிரி நீ இருந்திருக்கமாட்டாய். அதை நினைத்தால் வெட்கமாக இருக்கிறது.

உன்
கணக்குப் புலி


மார்ச் 21

என்னங்க,

நேற்று இரண்டு கடிதங்களும் ஒன்றாக வந்தன, உங்களுடையதும் இயக்குநருடையதும். அத்தை அவருடையதை மூன்று முறை சத்தமாகப் படித்துவிட்டு, கையோடு எதிர்வீட்டுக்கும் எடுத்துப் போனார். "எம் மருமக கண்ணுக்கு எதுவும் தப்பாது" என்று சொல்லிக்கொண்டிருக்கிறார்.

உண்மைதான். தப்பவில்லை.

பிப்ரவரி 14ஆம் தேதி மாலை, உங்கள் கடிதத்தில் 'இடது துவாரத்தில் அடித்தால்தான்' என்ற வரியைப் படித்ததும் எனக்குத் தெரிந்துவிட்டது. என் இடது துவாரத்தில் காற்றே ஒழுங்காகப் போகாது, மருந்து எப்படிப் போகும்? மலரை எடுத்துப் படத்தைப் பார்த்தேன். மறுநாள் காலையில் என் ஸ்கேனைப் பக்கத்தில் வைத்தபோது மிச்சமிருந்த சந்தேகமும் போயிற்று. ஒவ்வொரு மடிப்பும் என்னுடையது, பக்கம் மட்டும் மாறியிருந்தது. புரண்டுபோன படத்தை நான் எத்தனையோ பார்த்திருக்கிறேன். புதிதாக வேலைக்கு வருகிறவர்கள் செய்கிற தப்பு அது. மருந்து மறுநாள் ஆரம்பம் என்றும் தெரியும். போன் கையெட்டும் தூரத்தில் இருந்தது. 'புரண்டிருக்கிறது, நிறுத்துங்கள்' என்று இரண்டு வார்த்தை போதும்.

அந்த இரண்டு வார்த்தைக்குப் பதிலாக உட்கார்ந்து, 'அது என் மூக்கு இல்லை' என்று எழுதினேன். பொய் என்று தெரிந்தே எழுதினேன். நீங்களே தோண்ட வேண்டும், நீங்களே கண்டுபிடிக்க வேண்டும், அவள் கண் முன்னால் தலைகுனிய வேண்டும் என்று நினைத்தேன். நான் சொல்லித் திருத்தினால் நீங்கள் அவளிடம் போய், 'என் மனைவி கெட்டிக்காரி' என்று சொல்லிச் சிரித்துவிட்டு இரண்டு வருஷம் உட்கார்ந்துவிடுவீர்கள் என்று பயந்தேன். குண்டைப் பற்றியும் பதினைந்தாம் தேதியே எழுதியிருக்கலாம். இன்னொரு கடிதத்துக்கு என்று வைத்துக்கொண்டேன்.

பதினாறாம் தேதியிலிருந்து மார்ச் மூன்று வரை பதினைந்து நாள். அது என்னுடையது. அதற்கு அப்புறம் பத்து நாள்தான் உங்களுடையது. நீங்கள் பயத்தில் வாயை மூடிக்கொண்டீர்கள், நான் வேண்டுமென்றே மூடிக்கொண்டேன். அவள் உங்களுக்காகத் தன் பெயரைக் கெடுத்துக்கொள்ள வந்தாள். நான் உங்கள் பெயர் கெடட்டும் என்று காத்திருந்தேன். இந்தக் கணக்கை எப்படிப் புரட்டிப் பார்த்தாலும் எனக்குச் சாதகமாக வரவில்லை.

இயக்குநருக்குப் பதில் எழுதிவிட்டேன். உங்கள் நன்றி எனக்குச் சேராது, எனக்குப் பிப்ரவரி 15ஆம் தேதியே தெரியும், சொல்லவில்லை என்று தேதி போட்டுக் கையெழுத்துப் போட்டு அனுப்பியாயிற்று. அதன் நகலை எங்கள் ஆஸ்பத்திரித் தலைமை டாக்டரின் மேஜையிலும் வைத்துவிட்டு வந்தேன். அவர் இன்னும் கூப்பிடவில்லை. அத்தையிடம் இன்றைக்குச் சொல்ல வேண்டும். அதுதான் எனக்கு ரொம்பக் கஷ்டம்.

ரயில் ஏறுவதற்கு முன்னால் இதை இரண்டு தடவை படியுங்கள். இருபத்தெட்டாம் தேதி ஸ்டேஷனுக்கு நான் வருவேன். எல்லோரும் இறங்கிப் போகும்வரை நிற்பேன். நீங்கள் இறங்கவில்லையென்றால், அவளா காரணம் என்று கேட்டு எழுதமாட்டேன். யார் காரணம் என்று எனக்குத் தெரியும்.